புதிய கேம்பெய்ன் தொடங்கும் முன்: ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்து திட்டமிடுவது எப்படி

டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டத்தில் முதல்முறையாக ஒரு கேம்பெய்ன், அதாவது பல அமர்வுகள் தொடரும் கதை, நடத்தப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு நோட்டைத் திறந்து, கற்பனை உலகத்தின் வரைபடத்தை வரையத் தொடங்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். அரச வம்சங்கள், பழைய போர்கள், வில்லனின் இளமைக்காலம் என்று நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்தேன். மூன்றாவது அமர்வோடு அது நின்றுபோனது. வந்த நான்கு பேரில் இருவருக்குக் கலகலப்பான சாகசம் வேண்டும், ஒருவருக்குச் சண்டை பிடிக்கும், இன்னொருவருக்குத் துப்பறிய ஆசை. நான் எழுதியிருந்தது ஒரு சோகமான அரசியல் கதை. அவர்கள்மேல் எந்தத் தவறும் இல்லை. நாற்பது பக்கத்தில் ஒரு வரியைக்கூட நான் அவர்களைக் கேட்டு எழுதவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு முறையும் கதையை முடிவுசெய்வதற்கு முன்பே ஆட்களோடு உட்கார்ந்துவிடுகிறேன். அந்தச் சந்திப்பில் என்ன பேசுவது, அதற்கு முன்னும் பின்னும் ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டருக்கு என்ன வேலை என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

இந்த ஆட்டத்துக்கே புதியவர்களுக்குச் சில சொற்கள். டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு கதாபாத்திரத்தை ஏற்று, அது என்ன பேசுகிறது, என்ன செய்கிறது என்று சொல்வார்கள். கேம் மாஸ்டர் என்பவர் மீதி உலகத்தைப் பார்த்துக்கொள்வார். முடிவு தெரியாத செயல் வரும்போது பகடை உருட்டுவார்கள். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் உருவாக்கிய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வெளியானதிலிருந்து இந்த வகை பரவியது. ஒரே நாளில் முடிகிற கதை ஒன்-ஷாட். அதே கதாபாத்திரங்களோடு வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தொடர்வது கேம்பெய்ன்.

முதல் வேலை: மூன்று சிறு முன்மொழிவுகள்

உலக வரலாறு எழுதாதீர்கள். நாலு வரியில் முடிகிற மூன்று யோசனைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் நான்கு விஷயங்கள் வரவேண்டும்: எங்கே நடக்கிறது, கதாபாத்திரங்கள் யார், அவர்கள் வாராவாரம் என்ன செய்வார்கள், கதையின் மனநிலை என்ன. நான் சமீபத்தில் எழுதிய ஒன்று இது:

“பத்து வருடமாக மூடிக்கிடந்த சுரங்கத்தை மறுபடி திறக்கிறார்கள். நீங்கள் அந்த ஊரின் காவலர்கள். வேலைக்குப் போகிறவர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகிறார்கள். விசாரணை அதிகம், சண்டை குறைவு, மனநிலை இருண்டது. எட்டு அமர்வுகள்.”

இதோடு தீவுகளுக்கிடையே கடிதம் சுமக்கும் கப்பலின் மாலுமிகள் பற்றி இலேசான ஒரு சாகசமும், கோட்டைக்குள் நுழைந்து திருடும் கும்பல் பற்றி ஒன்றும் அனுப்பினேன்.

நான்கில் பலர் விட்டுவிடுவது மூன்றாவதை, அதாவது அந்த வினைச்சொல்லை. “மாயம் அழிந்துகொண்டிருக்கும் ஒரு பேரரசு” என்று எழுதினால் படிக்க அழகாக இருக்கும். ஆனால் அதில் ஆட்டக்காரருக்கு என்ன வேலை என்று தெரியாது. விசாரிக்கிறோம், திருடுகிறோம், கடத்துகிறோம், காக்கிறோம் என்று ஒரு வினை இருந்தால்தான் தன் கதாபாத்திரம் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று ஒருவர் யோசிக்க முடியும்.

மூன்றையும் குழுவுக்கு அனுப்பி வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். கூடவே, “இதில் எதை ஆடவே விருப்பமில்லை?” என்றும் கேளுங்கள். முதலிடம் யாருக்கு எது என்பதைவிட இந்தக் கேள்விக்கு வரும் பதில் முக்கியமானது. இருவருக்கு மிகவும் பிடித்து ஒருவருக்கு அறவே பிடிக்காத கதையைவிட, எல்லோருக்கும் இரண்டாம் இடத்தில் இருக்கும் கதை நீண்ட நாள் தாங்கும்.

வினைக்கேற்ற விதிமுறை

கதையைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் விதிமுறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எல்லோரும் பேசும் ஆட்டம் என்பதற்காக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை எல்லாக் கதைக்கும் பயன்படுத்துவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் பழக்கம். அதன் விதிகளில் பெரும்பகுதி சண்டையைப் பற்றியது. கதாபாத்திரங்கள் 1 முதல் 20 வரை நிலை உயர்ந்துகொண்டே போவார்கள். வீரசாகசத்துக்கு அது மிகப் பொருத்தம். அதன் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைப்பதால் செலவில்லாமல் தொடங்கவும் முடியும்.

ஆனால் என் சுரங்கக் கதைக்கு அது ஒத்துவராது. பயமும் விசாரணையும் வேண்டுமென்றால் 1981-இல் வெளியான கால் ஆஃப் கதூலு போன்ற ஒன்று பொருந்தும். அதில் நூறு வரை எண் காட்டும்படி பகடை உருட்டி, உங்கள் திறன் அளவுக்குச் சமமாகவோ கீழாகவோ வந்தால் வெற்றி. கதாபாத்திரங்கள் எளிதில் அடிபடுவார்கள், காணக்கூடாததைக் காணும்போது மனநிலையும் தளரும். திருட்டுக் கும்பல் கதைக்கு பிளேட்ஸ் இன் த டார்க் இருக்கிறது. திட்டம் போட்டே இரண்டு மணி நேரத்தைத் தின்னாமல், நேராகக் காரியத்தில் இறங்கி, தேவைப்படும்போது “இதற்கு நான் நேற்றே ஏற்பாடு செய்துவிட்டேன்” என்று பின்னோக்கிப் போய்க் காட்சி அமைக்க அதன் விதியே இடம் தருகிறது.

பகடையும் கதையின் சுவையை மாற்றும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இருபது முகப் பகடையில் ஒவ்வொரு எண்ணுக்கும் 5 சதவீத வாய்ப்பு. அதனால் நிபுணர் சறுக்குவதும் கற்றுக்குட்டி ஜெயிப்பதும் அடிக்கடி நடக்கும். இரண்டு ஆறுமுகப் பகடைகளைச் சேர்த்து உருட்டினால் 36 சேர்க்கைகளில் ஆறு 7-ஐத் தரும், 2-க்கும் 12-க்கும் ஒவ்வொன்றுதான். 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டும் அதன் வழிவந்த ஆட்டங்களும் இதைத்தான் பயன்படுத்துகின்றன. 10-உம் அதற்கு மேலும் வந்தால் முழு வெற்றி. 7 முதல் 9 வரை வந்தால் வெற்றி, ஆனால் ஏதோ ஒன்றை இழக்க வேண்டும். திறனுக்கேற்ற கூட்டல் கழித்தல் எதுவும் இல்லாதபோது இந்த நடுப்பகுதி வரும் வாய்ப்பு ஏறக்குறைய 42 சதவீதம். அதனால் கதை சிக்கலிலிருந்து சிக்கலுக்குத் தானாகவே நகரும். உங்கள் குழுவுக்கு எது பிடிக்கும் என்று தெரியாவிட்டால் ஒரு ஒன்-ஷாட் ஆடிப் பாருங்கள்.

ஆட்களும் நாட்களும்

கேம் மாஸ்டரைத் தவிர மூன்று முதல் ஐந்து பேர் போதும். ஆறுக்கு மேல் போனால் ஒவ்வொருவரும் தன் முறைக்குக் காத்திருக்கும் நேரமே அதிகமாகிவிடும்.

கேம்பெய்ன்களைக் கொல்வது பெரும்பாலும் நாட்காட்டிதான். ஒரு கணக்குப் பாருங்கள். ஐந்து ஆட்டக்காரர்கள், ஒவ்வொருவரும் பத்து அமர்வில் எட்டுக்கு வந்துவிடுவார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து பேரும் ஒன்றாக வந்து சேரும் வாய்ப்பு 33 சதவீதம்தான். எல்லோரும் இருந்தால்தான் ஆடுவோம் என்றால் மூன்று வாரத்தில் ஒரு வாரம்தான் ஆட்டம். “ஒருவர் வராவிட்டாலும் ஆடுவோம்” என்று ஒரு விதி வைத்தால் அது 74 சதவீதமாக உயர்கிறது. இந்த ஒரு விதியை முதல் நாளே பேசி முடிவுசெய்யுங்கள். வராதவரின் கதாபாத்திரம் அன்று எங்கே இருக்கும் என்பதையும் அப்போதே தீர்மானித்துவிடலாம்.

நாளை வாராவாரம் வாக்கெடுத்து முடிவுசெய்யாதீர்கள், கிழமையும் நேரமும் நிலையாக இருக்கட்டும். மூன்று மணி நேரம் நல்ல அளவு. முதல் கேம்பெய்னுக்கு ஆறு முதல் பத்து அமர்வுகள் என்று எல்லை வையுங்கள். எல்லை தெரிந்தால் தயங்குபவர்களும் சம்மதிப்பார்கள்.

செஷன் ஜீரோ

இனி முக்கியமான பகுதி. முதல் ஆட்டத்துக்கு முன் ஒரு முழுச் சந்திப்பை ஆடாமல் பேசுவதற்கென்றே ஒதுக்குங்கள். இதற்குப் பெயர் செஷன் ஜீரோ. “நமக்குள்ள என்ன, எல்லாரும் நண்பர்கள்தானே” என்று இதைத் தாண்டிப் போகத் தோன்றும். எதையும் வாய்விட்டுச் சொல்லாமல் சகித்துக்கொள்வது நண்பர்களிடையேதான் அதிகம் என்பதால், நண்பர்கள் குழுவுக்குத்தான் இது மிகவும் தேவை.

முதலில் எல்லை. கதையில் எது வரக்கூடாது, எது வந்தாலும் விவரிக்கக்கூடாது என்று இரண்டு பட்டியல் போடுவோம். இந்த முறையை 2003-இல் ரான் எட்வர்ட்ஸ் என்ற ஆட்ட வடிவமைப்பாளர் எழுதினார். முதலாவதைக் கோடு என்றும், இரண்டாவதைத் திரை என்றும் சொல்லலாம். கோட்டைத் தாண்டிக் கதை போகவே போகாது. திரைக்குப் பின்னால் நடக்கலாம், ஆனால் காட்சியை அங்கேயே வெட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். என் சுரங்கக் குழுவில் குழந்தைகளுக்குத் தீங்கு நேர்வது கோடு, சித்திரவதை திரை. ஒருவருக்கு இடிபாட்டில் சிக்கி மூச்சுத்திணறும் காட்சிகள் தாங்காது என்று தெரிந்தது. சுரங்கக் கதையில் அது எவ்வளவு பெரிய விஷயம்! முன்பே தெரிந்ததால் நான் பாதைகளை அகலமாக்கி, ஆபத்தை வேறு இடத்தில் வைத்தேன். கதைக்கு எந்தக் குறையும் வரவில்லை.

இந்தப் பதில்களைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் கேட்காதீர்கள். சந்திப்புக்குச் சில நாள் முன் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். காரணம் கேட்க வேண்டாம். யார் சொன்னது என்று குறிப்பிடாமல், தொகுத்த பட்டியலை மட்டும் மேசையில் வாசியுங்கள்.

முன்கூட்டியே எல்லாவற்றையும் யோசித்துவிட முடியாது. அதற்காகத்தான் எக்ஸ் கார்டு. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் 2013-இல் அறிமுகப்படுத்திய எளிய வழி. எக்ஸ் போட்ட ஓர் அட்டையை மேசை நடுவில் வைத்துவிட வேண்டும். யார் அதைத் தொட்டாலும், விளக்கம் கேட்காமல் அந்தக் காட்சியை மாற்றிவிடுவோம். இணையத்தில் ஆடினால் அரட்டைப் பெட்டியில் ஒரு எக்ஸ் போதும். கேம் மாஸ்டரே முதல் அமர்வில் ஒருமுறை ஒரு சின்ன விஷயத்துக்கு அதைத் தொட்டுக்காட்டினால் மற்றவர்களுக்குத் தயக்கம் போய்விடும்.

அடுத்து, சாவு. கதாபாத்திரம் இறக்கலாமா? பகடை சொன்னால் செத்தது செத்ததுதானா, அல்லது ஆட்டக்காரர் சம்மதித்தால் மட்டுமா, அல்லது சாவுக்குப் பதில் வேறு பெரிய இழப்பா? மூன்றும் நியாயமான பதில்கள்தாம். 1977-இல் வந்த டிராவலர் ஆட்டத்தில் ஆட்டம் தொடங்கும் முன்பே, கதாபாத்திரத்தை உருவாக்கும் கட்டத்திலேயே அது இறந்துவிட வாய்ப்பு இருந்தது. அதை ரசித்து ஆடியவர்கள் உண்டு. ஆனால் ஆறு மாதம் வளர்த்த கதாபாத்திரம் ஒரு மோசமான பகடையில் போய்விட்டால் மனம் உடைகிறவர்களும் உண்டு. இரண்டு வகையினரும் ஒரே மேசையில் இருந்தால் இதை முன்பே பேசித்தான் ஆக வேண்டும்.

அதேபோல, கதாபாத்திரங்கள் ஒருவரையொருவர் ஏமாற்றலாமா, திருடலாமா என்பதையும் பேசுங்கள். நான் வைத்திருக்கும் விதி: இன்னொருவரின் கதாபாத்திரத்துக்கு எதிராக ஏதாவது செய்ய விரும்பினால், விளைவைப் பாதிக்கப்படுகிறவர்தான் முடிவுசெய்வார். இந்த விதி வந்ததிலிருந்து துரோகக் காட்சிகள் குறையவில்லை, இன்னும் நன்றாக வருகின்றன. ஏமாற்றப்படுகிறவரும் சேர்ந்துதானே அந்தக் காட்சியை அமைக்கிறார்!

போன் பார்ப்பது, தாமதமாக வருவது, விதியில் சந்தேகம் வந்தால் ஆட்டத்தை எவ்வளவு நேரம் நிறுத்துவது போன்றவற்றுக்கு ஐந்து நிமிடம் போதும்.

உலகத்தைச் சேர்ந்து கட்டுவது

சிறு அட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் ஓர் இடம், ஓர் ஆள், ஒரு வதந்தி என்று மூன்று அட்டை எழுதட்டும். நான்கு பேர் என்றால் பன்னிரண்டு அட்டைகள். விதி ஒன்றே ஒன்றுதான்: அடுத்தவர் எழுதியதை மறுக்கக்கூடாது, சேர்க்கலாம்.

என் குழுவில் ஒருவர் ஊரின் கணக்கரைப் படைத்தார். எல்லோருடைய கடனும் அந்த அம்மாளின் பேரேட்டில் இருக்கிறது, ஆனால் அவர் யாரிடமும் திருப்பிக் கேட்டதில்லை. இன்னொருவர் எழுதிய வதந்தி: “சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் யாரும் கண்ணாடி முன் நிற்பதில்லை.” எனக்கு அந்த வாக்கியம் ஒருபோதும் தோன்றியிருக்காது. அந்த வதந்திதான் எட்டு அமர்வுக்கும் முதுகெலும்பாக ஆனது. காணாமல் போனவர்கள் எங்கே என்று நான் முதலில் யோசித்து வைத்திருந்த விடையைத் தூக்கிப் போட்டுவிட்டு, கண்ணாடியிலிருந்து தொடங்கினேன். அந்த வதந்தியை எழுதியவர், கதையில் அது வரும்போதெல்லாம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன்.

அட்டைகளை எழுதியவரிடமே எல்லா ரகசியத்தையும் கேட்டுவிடாதீர்கள். வதந்தி எவ்வளவு உண்மை என்பது கேம் மாஸ்டரின் கையில் இருக்கட்டும். அவர்களுக்கும் வியப்பு மிஞ்ச வேண்டுமல்லவா.

கதாபாத்திரங்களை வீட்டில் தனியாக எழுதவிடாதீர்கள்

தனித்தனியாக எழுதி வந்தால் என்ன நடக்கும் என்பது பழகியவர்களுக்குத் தெரியும். யாரையும் நம்பாத, குடும்பம் இல்லாத, இருண்ட கடந்தகாலம் கொண்ட மூன்று தனிமனிதர்கள் ஒரு அறையில் மௌனமாக நிற்பார்கள். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல கதாபாத்திரம்தான். ஆனால் அவர்கள் சேர்ந்து பயணிக்க ஒரு காரணமும் இருக்காது. அந்தக் காரணத்தைத் தேடியே முதல் இரண்டு அமர்வு வீணாகும்.

எனவே மேசையிலேயே, எல்லோரும் கேட்கும்படி, சேர்ந்து உருவாக்குங்கள். எண்களையும் திறன்களையும் நிரப்புவதற்கு முன் ஒவ்வொருவரும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லட்டும். இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் கதாபாத்திரம் உங்களை எந்தச் சிக்கலிலிருந்து காப்பாற்றியது? வலப்பக்கம் இருப்பவரிடம் நீங்கள் மறைப்பது என்ன? இந்த வேலையை விட்டுப் போக முடிந்தும் ஏன் போகவில்லை?

மூன்றாவது கேள்வியில் விட்டுக்கொடுக்காதீர்கள். குழுவோடு இருப்பதற்கான காரணத்தைக் கண்டுபிடிப்பது ஆட்டக்காரரின் பொறுப்பு. “என் கதாபாத்திரம் இதற்கெல்லாம் வராது” என்று அவர் சொன்னால், வரக்கூடிய ஒருவரை உருவாக்கச் சொல்லி அன்போடு கேளுங்கள். எங்கள் காவலர்களில் ஒருவர் முன்கோபி, யாரோடும் ஒட்டாதவர். ஆனால் அவருடைய தம்பி சுரங்க வேலைக்குப் பெயர் கொடுத்துவிட்டான். அவ்வளவுதான், எட்டு அமர்வுக்கும் அவரை யாரும் இழுக்க வேண்டியிருக்கவில்லை.

திறன்கள் ஒன்றோடொன்று மோதாமல் பார்த்துக்கொள்வதும் இப்போதே நடக்கும். இரண்டு பேர் பூட்டுத் திறப்பவர்களாக இருந்து, காயத்துக்கு மருந்து போட ஆளே இல்லாமல் போனால் அதுவும் ஒரு கதைதான். தெரிந்தே தேர்ந்தெடுத்தால் போதும்.

வீட்டுக்குப் போனபின் கேம் மாஸ்டரின் வேலை

இப்போது நோட்டைத் திறக்கலாம். ஆனால் என்ன நடக்கப்போகிறது என்று எழுதாதீர்கள். ஆட்டக்காரர்கள் ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன நடக்கும் என்று எழுதுங்கள். சுரங்க முதலாளி இரண்டாம் வாயிலைத் திறப்பார், கணக்கர் ஊரைவிட்டு ஓடுவார், தம்பி கீழே இறங்குவான். ஆட்டக்காரர்கள் இவற்றில் எதைத் தடுப்பார்கள், எதைத் தவறவிடுவார்கள் என்பது அவர்கள் கையில்.

இந்த ஆபத்துகளை நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வட்டம் வரைந்து நான்கு, ஆறு அல்லது எட்டுத் துண்டாகப் பிரிப்பது மிக வசதி. நிலைமை மோசமாகும்போதெல்லாம் ஒரு துண்டை நிரப்ப வேண்டும், வட்டம் நிறைந்தால் அது நடந்துவிடும். பிளேட்ஸ் இன் த டார்க்கில் இதற்குக் கடிகாரம் என்று பெயர், எந்த ஆட்டத்திலும் பயன்படுத்தலாம். ஆட்டக்காரர்கள் பார்க்கும்படி மேசையில் வையுங்கள். ஆறில் ஐந்து துண்டு நிரம்பியிருப்பதைக் கண்ணால் பார்க்கும்போது அவர்கள் பேசும் வேகமே மாறிவிடும்.

விசாரணைக் கதை என்றால் இன்னொன்று. ஆட்டக்காரர்கள் கண்டிப்பாக அறிய வேண்டிய ஒவ்வொரு உண்மைக்கும் மூன்று தடயங்கள் வையுங்கள், மூன்றும் வேறுவேறு இடத்தில். ஒன்றைப் பார்க்காமல் போய்விடுவார்கள், இரண்டாவதைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும். ஒரே தடயத்தை ஒரே பூட்டுக்குப் பின்னால் வைத்து, பகடை சறுக்கியதும் என்ன செய்வதென்று தெரியாமல் கேம் மாஸ்டர் திணறிய அமர்வுகளை நான் பார்த்திருக்கிறேன்.

இவை தவிர, பத்துப் பெயர்கள் கொண்ட பட்டியல் ஒன்று போதும். எதிர்பாராத ஆளிடம் பேச்சுக் கொடுப்பார்கள், அவருக்குப் பெயர் வேண்டியிருக்கும். முதல் அமர்வுக்கான தயாரிப்பு இரண்டு பக்கத்தைத் தாண்டினால் பாதியை ஒதுக்கி வையுங்கள்.

முதல் அமர்வும் அதன் மறுநாளும்

விடுதியில் சந்தித்து அறிமுகமாகும் காட்சியிலிருந்து தொடங்காதீர்கள். அறிமுகத்தைத்தான் செஷன் ஜீரோவிலேயே முடித்துவிட்டீர்களே. எங்கள் கதை சுரங்க வாயிலில், எண்ணி உள்ளே அனுப்பிய முப்பது பேரில் இருபத்தொன்பது பேர் வெளியே வந்த மாலையில் தொடங்கியது. முதல் ஐந்து நிமிடத்துக்குள் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு முடிவு எடுக்கும்படி ஆனது.

நேரம் முடிவதற்குக் கால்மணி முன்பே ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொருவரும் பிடித்த ஒரு விஷயத்தையும், இனி வர வேண்டும் என்று விரும்பும் ஒன்றையும் சொல்லட்டும். எழுதிக்கொள்ளுங்கள். பதில் சொல்லவோ நியாயப்படுத்தவோ வேண்டாம். “கணக்கரம்மாவோடு இன்னும் பேச வேண்டும்” என்று இருவர் சொன்னால், அடுத்த வாரத்தின் முதல் காட்சி உங்களுக்குக் கிடைத்துவிட்டது.

மூன்றாம் அமர்வு வரை யார் வேண்டுமானாலும் தன் கதாபாத்திரத்தின் திறன்களை மாற்றிக்கொள்ளலாம், ஆளையே மாற்றிக்கொள்ளவும் செய்யலாம் என்று அனுமதி கொடுங்கள். ஆடிப் பார்க்கும் முன் எதுவும் தெரியாது. பாதிவழியில், அதாவது நான்காம் அமர்வு முடிந்ததும், பழைய அட்டைகளை மறுபடி மேசையில் பரப்புங்கள். இதுவரை கதையில் வராதவை எவை என்று பாருங்கள். யாருடைய மூன்று அட்டைகளும் அப்படியே கிடக்கின்றனவோ, ஐந்தாம் அமர்வை அவருடைய அட்டை ஒன்றிலிருந்து தொடங்குங்கள்.